பட்டாணி நாற்று ஏன் சாகுது? மதுரவாயலில் வாழ்ந்த ஜானகி அம்மாளின் கதை!

தை முடிஞ்சு மாசி பிறக்குற நேரம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் மொட்டை மாடிகள்ல இப்போ விதை போடுற சீசன். மழையில கிழிஞ்ச க்ரோ பேக்கை மாத்தி, கோகோபீட் கட்டியை ஊற வெச்சு, அவரை, பீன்ஸ், காராமணி, ஆசைக்கு ரெண்டு தொட்டி பட்டாணின்னு ஆரம்பிச்சிருப்பீங்க. சில நாள்ல முளை தலையைத் தூக்கும். உடனே ஒரு போட்டோ, ஒரு ஸ்டேட்டஸ். பத்தாம் நாள் பார்த்தா பாதி நாற்று, மண்ணை ஒட்டின இடத்துல தண்டு சூம்பி அப்படியே சாய்ஞ்சு கிடக்கும். தண்ணி ஊத்தினோமே, உரம் போட்டோமே, அப்புறம் ஏன்?

பதில் தேடி யூடியூப் பக்கம் போறதுக்கு முன்னாடி, உங்க ஏரியாவுலேயே வாழ்ந்த ஒருத்தரைத் தெரிஞ்சுக்கோங்க.

மதுரவாயல்னா நமக்கு ஞாபகம் வர்றது பைபாஸும் டிராஃபிக்கும்தான். 1970 நவம்பர்ல, 73 வயசுல, ஒரு பெண்மணி சென்னைக்கு வந்து சேர்ந்தார். சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்துல கௌரவ விஞ்ஞானி. அந்த மையத்தோட கள ஆய்வுக்கூடம் மதுரவாயல்ல இருந்துச்சு. கடைசி வரைக்கும் அவர் வாழ்ந்ததும் வேலை பார்த்ததும் அங்கேதான். கரும்பு ஆராய்ச்சி செஞ்சவர், உலகத்துப் பயிர்ச் செடிகளோட குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்துப் புத்தகம் போட்டவர்ல ஒருத்தர், லண்டன்ல ஜெர்மன் குண்டு விழுந்த நாள்லயும் ஆய்வுக்கூடத்துக்குப் போனவர், நேரு கூப்பிட்டு நாடு திரும்பினவர். முழுப்பேர் எடவலத் கக்கட் ஜானகி அம்மாள். இ.கே.ஜானகி அம்மாள்னு சொன்னா பாட்டனி படிச்சவங்களுக்குச் சட்டுனு தெரியும்.

அவர் மாடித்தோட்டம் போட்டுப் பிரபலமானவர் கிடையாது. ஆனா அவரோட ஆராய்ச்சியில பெரிய பங்கு, ஒரு செடியோட சின்ன வயசை உத்துப் பார்க்குறதுல போச்சு. நம்ம நாற்று சாகுறதும் அந்த வயசுலதானே!

19 பிள்ளைகள், ஒரு தோட்டம்

1897 நவம்பர் 4. அன்னிக்கு மெட்ராஸ் மாகாணத்துல இருந்த, இன்னிக்குக் கேரளாவுல இருக்குற தலச்சேரியில ஜானகி பிறந்தார். அப்பா கிருஷ்ணன் சப் ஜட்ஜ். ரெண்டு மனைவிகள் வழியா மொத்தம் 19 பிள்ளைகள். கோர்ட் வேலை போக மிச்ச நேரமெல்லாம் அந்த மனுஷனுக்குத் தோட்டமும் பறவைகளும்தான். வட மலபார் பறவைகளைப் பத்திப் புத்தகமே எழுதியிருக்கார். அந்தத் தோட்டத்துல வளர்ந்த பொண்ணுக்குச் செடி மேல கண்ணு போனதுல ஆச்சரியம் இல்லை.

அக்கா தங்கச்சிங்களுக்கெல்லாம் வரிசையா கல்யாணம் ஆச்சு. ஜானகிக்கும் சொந்தத்துலேயே மாப்பிள்ளை பேச்சு வந்துச்சு. அவர் படிப்பைத் தேர்ந்தெடுத்தார். கடைசி வரைக்கும் கல்யாணமே பண்ணிக்கலை. நூறு வருஷத்துக்கு முன்னாடி, தீயர் சமூகத்துல பிறந்த ஒரு பொண்ணு எடுத்த முடிவு இது. வீட்டுல ‘எப்போ கல்யாணம்’னு கேட்டு டார்ச்சர் பண்றாங்கன்னு புலம்புறவங்க, அந்தக் காலத்தைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.

மெட்ராஸுக்கு வந்து ராணி மேரிக் கல்லூரியில படிச்சார். 1921ல மாநிலக் கல்லூரியில தாவரவியல் ஹானர்ஸ் முடிச்சார். பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில பாடம் எடுத்துக்கிட்டு இருந்தப்போ, அமெரிக்காவுல மிச்சிகன் பல்கலைக்கழகம் ஆசியப் பெண்களுக்குக் கொடுத்த பார்பர் ஸ்காலர்ஷிப் கிடைச்சுது. 1924ல கப்பல் ஏறினார். முதுகலை முடிச்சுத் திரும்பி வந்து, மறுபடியும் போய், 1931ல டாக்டர் பட்டம்.

அங்கே அவர் கத்துக்கிட்ட கலை சைட்டாலஜி. செல்லைப் பிரிச்சு, அதுக்குள்ள இருக்குற குரோமோசோம்களைப் பார்க்குற வேலை. ஸ்கூல் லேப்ல வெங்காய வேரோட நுனியை வெட்டி, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்ல பார்த்திருப்பீங்களே, அதேதான். வேர் நுனியில செல்கள் நிக்காம ரெண்டு ரெண்டா பிரிஞ்சுக்கிட்டே இருக்கும். அதனால ஒரு செடியோட ஜாதகத்தைப் பார்க்கணும்னா அது மரமாகுற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். விதையை ஈரத்துல முளைக்க வெச்சு, வேர் கொஞ்சம் நீண்டதும் நுனியைக் கிள்ளினா போதும். உலகம் முழுக்க இந்தப் பாடத்துக்கு ரொம்ப வசதியான விதைகள்ல ஒண்ணு, பிராட் பீன்ஸ்னு சொல்ற பெரிய அவரை இனம். செல்லுக்கு 12 குரோமோசோம்தான். அதுவும் தடி தடியா இருக்கும்.

பட்டாணிக்கு 14. நம்ம கொத்தவரைக்கும் 14. பீன்ஸுக்கும் காராமணிக்கும் 22. இதுல ஒரு வேடிக்கை இருக்கு. மனுஷனுக்கு 46 குரோமோசோம்னு உறுதியானது 1956லதான். அதுவரைக்கும் 48னு நினைச்சுக்கிட்டு இருந்தாங்க. பட்டாணி கணக்கு அதுக்கு ரொம்ப முன்னாடியே சரியா தெரிஞ்சிருந்துச்சு!

கோவையில் கரும்பு நாற்று

திருவனந்தபுரத்துல ரெண்டு வருஷம் பேராசிரியர் வேலை. அப்புறம் 1934ல கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையம். நாடு அப்போ நல்ல கரும்புக்குத் தவிச்ச காலம். பார்பர், வெங்கட்ராமன்னு ரெண்டு பேர் அங்கே ஏற்கெனவே கரும்பையும் நாணல் மாதிரி இருக்குற காட்டுக்கரும்பையும் கலந்து புது ரகங்களை உருவாக்கியிருந்தாங்க.

கரும்பை விவசாயி கரணை வெட்டித்தான் நடுவார். விதை போட்டு வளர்க்க மாட்டார். ஆனா புது ரகம் வேணும்னா பூக்க விட்டு, மகரந்தம் சேர்த்து, பஞ்சு மாதிரி பறக்குற அந்தப் பொடி விதையை முளைக்க வைக்கணும். புல்லை விட மெல்லிசா ஒரு நாற்று வரும். அதைக் காப்பாத்தி ஆளாக்குறதுதான் ஆராய்ச்சியோட பாதி வேலை. ஜானகி அம்மாள் கரும்பை மக்காச்சோளத்தோடவும் மூங்கிலோடவும் சோளத்தோடவும் கலந்து பார்த்தார். இதெல்லாம் நடக்குற கதையான்னு யாருக்கும் தோணும். நடந்துச்சு. அந்தக் கலப்புச் செடிகளோட குரோமோசோம்களை எண்ணி, எது எங்கிருந்து வந்துச்சுன்னு சொன்னார். அந்தக் காட்டுக்கரும்போட பூர்வீகம் இந்தியாதான்னு காட்டினதுல அவருக்குப் பங்கு உண்டு.

வேலை நல்லா போச்சு. மனுஷங்களோட விஷயம் அப்படிப் போகலை. கல்யாணம் ஆகாத பெண், பிற்படுத்தப்பட்டதா கருதப்பட்ட சமூகம். கூட வேலை பார்த்த ஆண்கள் மத்தியில அவருக்கு மரியாதை சுலபமா கிடைக்கலை. 1934ல சர் சி.வி.ராமன் தொடங்கின இந்திய அறிவியல் கழகம் அடுத்த வருஷமே அவரை உறுப்பினரா சேர்த்துக்கிச்சு. வெளியில கிடைச்ச இந்த மரியாதை ஆபீஸ்ல கிடைக்கலைங்கிறது நம்ம ஊர்ல இன்னிக்கும் பல பெண்களுக்குப் பழகின கதை.

1939ல ஸ்காட்லாந்தோட எடின்பர்க்ல உலக மரபியல் மாநாடு. போனார். அதே நேரத்துல இரண்டாம் உலகப் போர் வெடிச்சுது. திரும்பி வர முடியலை.

நாற்று சாகாத மண்

1940ல லண்டன் பக்கத்துல மெர்டன்கிற இடத்துல இருந்த ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிலையத்துல துணை சைட்டாலஜிஸ்ட் வேலை. பட்டாணிக்கும் இந்த இடத்துக்கும் பழைய உறவு. 19-ம் நூற்றாண்டு நடுவுல கிரிகோர் மெண்டல்ங்கிற துறவி ஒரு மடத்துத் தோட்டத்துல ஆயிரக்கணக்கான பட்டாணிச் செடிகளை வளர்த்து, பரம்பரைக் குணம் எப்படி இறங்குதுன்னு கண்டுபிடிச்சார். உலகம் அதைக் கண்டுக்கவே இல்லை. 1900ல அது மறுபடி வெளிச்சத்துக்கு வந்தப்போ, இங்கிலாந்துல அதைத் தூக்கிப் பிடிச்சவர் வில்லியம் பேட்சன். ‘ஜெனடிக்ஸ்’ங்கிற வார்த்தையே அவர் வெச்சதுதான். அவர்தான் ஜான் இன்னஸோட முதல் இயக்குநர். நல்ல ரகப் பட்டாணி நடுவுல திடீர்னு தலை காட்டுற ஒல்லி இலைச் செடிகள் எங்கிருந்து வருதுன்னு அங்கே வருஷக்கணக்கா ஆராய்ச்சி நடந்திருக்கு.

உங்க மாடியில சாய்ஞ்சு கிடக்குற நாற்றுக்கு நேரடியா சம்பந்தப்பட்ட வேலையும் அங்கேதான் நடந்துச்சு. ஜானகி அம்மாள் போறதுக்குச் சில வருஷம் முன்னாடி, அங்கே ஆராய்ச்சிக்கு வெச்சிருந்த பிரிமுலா நாற்றுகள் கொத்துக் கொத்தா செத்துக்கிட்டு இருந்துச்சு. வில்லியம் லாரன்ஸ், ஜான் நியூவெல்னு ரெண்டு பேர் காரணம் தேடினாங்க. அந்தக் காலத்துத் தோட்டக்காரர் ஒவ்வொருத்தரும் ஒரு மண் கலவை வெச்சிருப்பார். ரோஜாவுக்கு ஒண்ணு, தக்காளிக்கு ஒண்ணு. சமையல் ரகசியம் மாதிரி யாருக்கும் சொல்ல மாட்டார். இவங்க ரெண்டு பேரும் நிறைய கலவைகளைச் சோதிச்சுப் பார்த்து, சிக்கல் மண்ணுக்குள்ள இருக்குற கிருமியிலதான்னு புரிஞ்சுக்கிட்டாங்க. தோட்ட மண்ணை நீராவியில சுத்தம் பண்ணி, ரெண்டு பங்கு மண், ஒரு பங்கு பீட், ஒரு பங்கு மணல்னு கலந்து, கொஞ்சம் சூப்பர் பாஸ்பேட்டும் சுண்ணாம்பும் சேர்த்தாங்க. விதைக்கான கலவை ரெடி. எல்லாச் செடிக்கும் அந்த ஒண்ணே போதும். 1939ல அதைப் புத்தகமாவே போட்டாங்க. யார் வேணும்னாலும் செஞ்சுக்கலாம். இன்னிக்கும் இங்கிலாந்துக் கடைகள்ல ஜான் இன்னஸ் கம்போஸ்ட்னு மூட்டை மூட்டையா விக்குது.

இப்போ நம்ம மாடிக்கு வாங்க. தண்டு சூம்பி விழுறதுக்குப் பேர் நாற்றழுகல். பித்தியம், ரைசோக்டோனியா மாதிரியான பூஞ்சைகளோட வேலை. போன சீசன்ல கத்தரியோ தக்காளியோ செத்த அதே பையில, அதே மண்ணுல, மேலாகக் கிளறிட்டு அவரை விதையைப் போட்டா, பூஞ்சைக்கு விருந்து வெச்ச மாதிரி. பழைய மண்ணைத் தூக்கிப் போடவும் வேண்டாம். லேசா ஈரப்படுத்தி, கண்ணாடி மாதிரி தெரியுற பாலித்தீன் ஷீட்ல காத்துப் புகாம மூடி, நாலுல இருந்து ஆறு வாரம் வெயில்ல போட்டு வைங்க. லாரன்ஸுக்கு நீராவி வேணும்; நமக்கு ஆவடி வெயிலே போதும். சித்திரை, வைகாசியில செஞ்சா ஆடிக்கு மண் தயார். இப்போதைக்கு விதை போடுறவங்க புது செம்மண் ரெண்டு பங்கு, நல்லா அலசின கோகோபீட் ஒண்ணு, மணல் ஒண்ணுன்னு கலந்துக்கலாம். உரம் எதுவும் வேண்டாம். பருப்புக் குடும்பத்து விதை, முதல் ரெண்டு வாரத்துச் சாப்பாட்டைக் கையோட கட்டிக்கிட்டுத்தான் வருது.

இன்னொரு கொலைகாரன் தண்ணி. இந்த விதைகள் பெருசு. ராத்திரி முழுக்க ஊற வெச்சா சிலது மூச்சு முட்டிச் செத்துப்போகும், சிலது தோல் வெடிச்சு அழுகும். நாலு மணி நேரம் தாராளம். மண்ணை முதல்லயே நல்லா நனைச்சுட்டு, விரலோட முதல் கணு ஆழத்துல விதையைப் போட்டு மூடிட்டு, முளை வெளியே வர்ற வரைக்கும் மேல் மண் காய்ஞ்சாத்தான் தெளிக்கணும். தினம் ரெண்டு வேளை பாசமா ஊத்துறவங்க வீட்டுலதான் நாற்று அதிகமா சாகுது. டிரைக்கோடெர்மா விரிடின்னு வேளாண் கடைகள்ல கிடைக்குற பவுடரை விதையில புரட்டிப் போட்டா, நாற்றழுகலுக்கு நல்ல காவல்.

குண்டு மழையில் ஒரு புத்தகம்

லண்டன்ல ராத்திரி ராத்திரி குண்டு விழும். ஜானகி அம்மாள் கட்டிலுக்கு அடியில பதுங்குவார். விடிஞ்சதும் ஆய்வுக்கூடத்துக்குப் போய், ஷெல்ஃப்ல சிதறிக் கிடக்குற கண்ணாடித் துண்டுகளைத் தட்டிவிட்டுட்டு மைக்ராஸ்கோப் முன்னாடி உட்காருவார். இந்தியாவுல இருந்து புடவை மடிப்புல மறைச்சு ஒரு அணிலைக் கொண்டு போய், கபோக்னு பேர் வெச்சு அங்கே வளர்த்ததா அவர் குடும்பத்துல ஒரு கதை உண்டு. கபோக்னா இலவம் பஞ்சு. கஸ்டம்ஸ் ஆபீசர்ங்க மன்னிக்கட்டும்.

அந்த அஞ்சு வருஷத்தோட பலன், சிரில் டார்லிங்டனோட சேர்ந்து 1945ல அவர் வெளியிட்ட ‘பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்லஸ்’. மனுஷன் வளர்க்குற ஆயிரக்கணக்கான தாவரங்களுக்கு ஒரு பெரிய பட்டியல். எத்தனை குரோமோசோம், எதுக்குப் பயன்படுது, எந்தப் பகுதியைச் சேர்ந்தது. போன் டைரக்டரி மாதிரி வறட்சியான புத்தகம்தான். ஆனா அதுக்குள்ள ஒரு பெரிய எண்ணம் இருக்கு. ஒவ்வொரு பயிருக்கும் ஒரு தாய்வீடு உண்டு. அந்த வீட்டோட குளிரும் வெயிலும் அதோட உடம்புல இருக்கு.

நம்ம பட்டாணிப் பிரச்னையோட மிச்சப் பாதி இங்கேதான் இருக்கு. பட்டாணியோட தாய்வீடு மேற்கு ஆசியா, மத்தியதரைக் கடல் பக்கம். அங்கே அது குளிர்காலத்துப் பயிர். வெளிநாட்டு வீடியோவுல ‘வசந்தத் தொடக்கத்துல பட்டாணி போடுங்க’ன்னு சொல்றாங்கன்னா, அவங்க ஊர்ல அப்போதான் பனி விலகுது. நமக்கு மாசின்னா வெயில் ஏறுற மாசம். அம்பத்தூர் மாடியில இப்போ போட்ட பட்டாணி முளைக்கும், ஒரு முழம் ஏறும். பூக்குற நேரத்துல பங்குனி வெயில் வந்து நிக்கும். பூ கொட்டும். நீங்க ஒண்ணும் தப்புப் பண்ணலை. செடிக்கு இது ஊர் இல்லை, இது காலம் இல்லை. கோயம்பேட்டுக்கு வர்ற பச்சைப் பட்டாணி கொடைக்கானல், ஊட்டின்னு மலையில இருந்தும், குளிர்காலத்துல வடக்கே இருந்தும் வருது. இங்கே முயற்சி பண்ணியே தீரணும்னா கார்த்திகையில பெருமழை விட்டதும் போடுங்க. மார்கழிக் குளிர்ல அது பூக்கட்டும்.

இப்போ ஆசையா இருக்கா? காய் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டு, மளிகைக் கடையில கிடைக்குற முழு பச்சைப் பட்டாணியை ஒரு தட்டு மண்ணுல நெருக்கமா தூவுங்க. ரெண்டு மூணு வாரத்துல அரை அடி உயரக் கொழுந்து. வெட்டி முட்டைப் பொரியல்ல போட்டா அவ்ளோ ருசி. நிழல்ல வெச்சாலே போதும்.

காராமணியோட தாய்வீடு ஆப்பிரிக்கா. அதுக்கு நம்ம வெயில் பழகினது. கொத்தவரையும் அப்படித்தான். மாசியில மாடிக்கு ஏத்த ஜோடி இதுதான். செடி அவரையும் போடலாம். பந்தல் அவரைக்கு ஆடி வரைக்கும் பொறுங்க.

மேக்னோலியாவும் செங்காந்தளும்

போர் முடிஞ்சதும் ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி, விஸ்லி தோட்டத்துக்கு ஜானகி அம்மாளைக் கூப்பிட்டுக்கிச்சு. அந்தச் சொசைட்டி சம்பளம் கொடுத்து வெச்ச முதல் பெண் விஞ்ஞானி அவர்தான்னு சொல்வாங்க. அங்கே அவர் கையில எடுத்தது மேக்னோலியா நாற்றுகளும் கோல்ச்சிசின்ங்கிற ஒரு நஞ்சும். அந்த நஞ்சு நமக்கு அந்நியம் இல்லை. நம்ம மாநில மலரான செங்காந்தளோட கிழங்குலயும் விதையிலயும் இருக்குறது அதேதான். நாற்றோட குருத்துல அதை அளவா வெச்சா, செல் பிரியும்போது குரோமோசோம் ரெட்டிப்பாகும், ஆனா செல் ரெண்டாகப் பிரியாது. அப்படி வளர்ற செடிக்கு இலை தடிமனா, பூவிதழ் கனமா வரும்.

இதுல நேரம் முக்கியம். விதையிலை ரெண்டும் நல்லா விரிஞ்சு, நடுவுல குருத்து எட்டிப் பார்க்குற கட்டம். கொஞ்சம் முந்தினா நாற்று செத்துடும், பிந்தினா பலன் இல்லை. நல்லா வளர்ந்த நாற்றுதான் இதைத் தாங்கும்.

விதையிலைன்னதும் ஞாபகம் வருது. உங்க தொட்டிகளைப் பக்கத்துல போய்ப் பாருங்க. பீன்ஸும் காராமணியும் விதையோட ரெண்டு பருப்பையும் மண்ணுக்கு மேல தூக்கிக்கிட்டு வரும். பட்டாணி அதை மண்ணுக்குள்ளேயே விட்டுட்டுக் குருத்தை மட்டும் அனுப்பும். அதனால குருவியோ அணிலோ பட்டாணிக் குருத்தைக் கிள்ளிட்டுப் போனாலும் அது கீழே இருந்து மறுபடி துளிர்க்க வாய்ப்பு இருக்கு. பீன்ஸ்ல அந்தப் பருப்புக்குக் கீழ ஒடிஞ்சா முடிஞ்சுது கதை. பீன்ஸ், காராமணித் தொட்டி மேல முதல் பத்து நாள் ஒரு வலைத் துணி போடுங்க. நாற்றைப் பிடுங்கி வேற தொட்டியில நடுறதும் இந்தக் குடும்பத்துக்கு ஆகாது. வேர் அறுந்தா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கும். நேரா தொட்டியிலேயே விதைக்கணும், இல்லைன்னா காகிதக் கப்ல போட்டுக் கப்போட புதைக்கணும்.

ஒல்லியா, வெளிறிப்போய், நெட்டையா வளர்ந்தா அதுக்கு வெளிச்சம் பத்தலைன்னு அர்த்தம். அதைப் பார்த்துட்டு யூரியா போடாதீங்க. காத்துல இருக்குற நைட்ரஜனை வேர் முடிச்சுல சேர்த்து வைக்குற குடும்பம் இது. அதுக்கு உதவுற ரைசோபியம் பாக்கெட்டை ஆறின வடிகஞ்சியில கலந்து விதையில புரட்டி, நிழல்ல உலர்த்தி விதைக்குறது தமிழ்நாட்டு விவசாயிகள் செஞ்சுக்கிட்டு வர்ற வழக்கம்.

எரிந்த மரம்

1951ல நேரு கேட்டுக்கிட்டதால ஜானகி அம்மாள் நாடு திரும்பினார். இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையைச் சீரமைக்குற பொறுப்பு. அலகாபாத்ல மத்தியத் தாவரவியல் ஆய்வுக்கூடத்துக்கு முதல் இயக்குநர். பெரிய பதவிதான். ஆனா நாட்டுல அப்போ ‘அதிக உணவு உற்பத்தி’ங்கிற வேகத்துல காடுகள் விழுந்துக்கிட்டு இருந்துச்சு. அஸ்ஸாம் பக்கம் ஒரு அபூர்வ மேக்னோலியா இனத்தோட ஒரே ஒரு மரம் இருக்குன்னு கேள்விப்பட்டு, ஷில்லாங்ல இருந்து 37 மைல் போனார். போய்ப் பார்த்தா அந்த மரம் எரிஞ்சு போயிருந்துச்சு. விதை எடுக்கப் போனவர் வெறுங்கையோட திரும்பினார்.

அதுக்கப்புறம் அவர் பேச்சுல புது ரகத்தை விடப் பழைய செடிகளோட கவலைதான் அதிகம். 1955ல அமெரிக்காவோட பிரின்ஸ்டன்ல, பூமியோட முகத்தை மனுஷன் எப்படி மாத்தினான்னு பேச உலக அறிஞர்கள் கூடினாங்க. அதுக்கு அழைக்கப்பட்ட ஒரே பெண் ஜானகி அம்மாள். இந்தியாவுல தன் சாப்பாட்டுக்குத் தானே பயிர் பண்றவங்களோட வாழ்க்கையைப் பத்திப் பேசினார்.

அப்புறம் ஜம்மு, பாபா அணு ஆராய்ச்சி மையம்னு சுத்தி, கடைசியா நம்ம மதுரவாயல். ரிட்டயர்மென்ட் வயசைத் தாண்டி எவ்வளவோ வருஷம் ஆச்சு. அங்கே மூலிகைச் செடிகளை வளர்த்தார். மஞ்சள் நிறச் சேலைமேல பிரியம், காந்தி வழி எளிமை, வீடு நிறைய பூனைகள், குட்டிகள். 1977ல பத்மஸ்ரீ வந்துச்சு.

ஓய்வு மட்டும் வரலை. கேரளாவுல அமைதிப் பள்ளத்தாக்குல குந்திப்புழா ஆத்துக்குக் குறுக்கே மின்சாரத்துக்காக அணை கட்ட அரசு திட்டம் போட்டிருந்துச்சு. காடு தண்ணியில மூழ்கும். எதிர்த்துக் குரல் கொடுத்தவங்கள்ல 80 வயசைத் தாண்டின இந்தம்மாவும் ஒருத்தர். கோஷம் போட்டதோட நிறுத்தலை. அந்தப் பள்ளத்தாக்குச் செடிகளோட குரோமோசோம்களைக் கணக்கெடுக்குற வேலையில இறங்கினார். ஷில்லாங்ல ஒரு மரத்துக்கு லேட்டா போனவர், இந்த முறை காடு நிக்கும்போதே நோட்டுப் புத்தகத்தோட போனார்.

1984 பிப்ரவரி 7. தை கடைசி. மதுரவாயல்ல ஜானகி அம்மாள் காலமானார். வயசு 86. அதே வருஷம் நவம்பர் 15ல அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்கானு அறிவிப்பு வந்துச்சு. அணை வரலை.

விஸ்லியில பேட்டில்ஸ்டன் ஹில்னு ஒரு மேடு இருக்கு. அவர் அன்னிக்கு நட்ட மேக்னோலியாக்கள் இப்பவும் அங்கே நிக்குது. அதுல வெள்ளைப் பூ பூக்குற ஒரு வகைக்கு ‘ஜானகி அம்மாள்’னே பேர். இலை வர்றதுக்கு முன்னாடியே மரம் முழுக்கப் பூத்துடும். அது பூக்குறது மார்ச் வாக்குல. இந்த வாரம் நீங்க போடுற காராமணி கொடி விட ஆரம்பிக்கிறதும் அந்த மாசம்தான்.